தொட்டுச் சிகிச்சை செய்யும் கை

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் மாலையானால் பந்தும் கபடியும்தான். இக்காலத்தில் பெண் பிள்ளைகளும் போட்டிகளுக்குச் செல்கின்றனர், நாம் மகிழ்கிறோம். ஆயினும், ஆட்டத்தில் அடிபட்ட பிள்ளையின் உடலைத் தொட்டுச் சீர்செய்ய முற்படுகிறவர் யார், அவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்று நம் குடும்பங்கள் கேட்பது அரிதாகவே உள்ளது.

2021 மே மாதம் சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோ சட்டத்தின்கீழ்க் கைதானார். பிசியோதெரபி என்ற பெயரில், தம்மிடம் பயின்ற பெண் பிள்ளைகளிடம் தகாத முறையில் நடந்தார் என்பது புகார். அமெரிக்காவில் ஜிம்னாஸ்டிக் அணியின் மருத்துவர் லாரி நாசருக்கு 2018-இல் 40 முதல் 175 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அங்கும் சிகிச்சையே திரையாயிற்று. சில வேளைகளில் பெற்றோர் அதே அறையில் இருந்தபோதே அக்கொடுமை நிகழ்ந்தது!

ஆகவே தாய் உடனிருப்பது மட்டும் போதாது. உடலின் எந்தப் பகுதியைத் தொடவேண்டும், எதற்காக என்பதைச் சிகிச்சை செய்பவர் முன்னரே விளக்கிப் பிள்ளையின் சம்மதத்தைப் பெறவேண்டும். "வேண்டாம்" என்றால் கையை எடுத்துவிட வேண்டும். பயிற்சியாளர் வேறு, பிசியோதெரபி பயின்றவர் வேறு. பின்னவரைப் பதிவேட்டில் சேர்த்து முறைப்படுத்த 2021-இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியுள்ளது. தவறு நிகழ்ந்தால் "ஊரில் பேர் கெட்டுவிடும்" என்று பஞ்சாயத்தில் பேசி முடிக்கும் வழக்கம் நமக்குத் தெரியாததன்று. போக்சோ சட்டப்படி, அறிந்தும் காவல்துறையினருக்குத் தெரிவிக்காதிருப்பது குற்றமாகும். 1098 என்ற எண்ணிலும் உதவி கிடைக்கும்.

முறையாகப் பயின்ற நல்லவருக்கும் ஒரு சோதனை உண்டு. அவருக்குச் சம்பளம் கொடுப்பது அணி, ஞாயிறன்று இறுதியாட்டம். "கட்டுப் போட்டு இறக்கிவிடுங்கள்" என்பார் பயிற்சியாளர். பையனும் கெஞ்சுவான், அந்த வயது அப்படி! முழங்கால் ஜவ்வு அறுந்து அறுவை செய்துகொண்டவர் மீண்டும் ஆடச் சுமார் 9 மாதங்களாவது பொறுக்கவேண்டும். அதனை மறைக்காமல் முதலில் பையனிடமும், பின்னர் அவன் பெற்றோரிடமும் சொல்வதே அவர் கடமை.

கோப்பை அணிக்கு, முழங்கால் வீட்டுக்கு. பாட்டு முறையில் இறால் வலை கட்டக் குடும்பத்தின் முறை வரும் நாளில், இடுப்பளவு நீரில் சேற்றில் ஊன்றி நிற்கவேண்டியதும் அதே கால்தானே? ஆடலாம் என்று சொன்னவர் யார், அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்று தாய்மார் மைதானத்திற்கே சென்று கேட்கலாம்.