நனையத் தொடங்கும் இடம்

மடுல்கெல்லைப் பகுதியின் விடியற்காலைக்கு உரிய மணங்கள் சில உண்டு. நக்கிள்ஸ் மலைத்தொடரிலிருந்து இறங்கும் மூடுபனியின் ஈரம், தேயிலைத் தொழிற்சாலையின் வாடல் மணம், லயத்து அடுப்புகளில் புகையும் மரக்கட்டையின் நெடி ஆகியவை அவை. 2022 ஓகஸ்ட் மாதத்தில் ஒருநாட் காலை கதவைத் திறந்தபோது இவற்றையெல்லாம் அமுக்கிக்கொண்டு வந்தது பெற்றோல் வாடை. இஸ்தோப்பில் நிறுத்தியிருந்த எனது பழைய மோட்டார் சைக்கிளின் அடியில் சீமெந்துத் தரை கறுத்துக் கிடந்தது.

பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று அளந்து கட்டப்பெற்ற பழைய லயத்து வீடுகளில் வாகனத்திற்கெனத் தனியிடம் ஏது? மழைக்கும் பனிக்கும் ஒதுங்க இஸ்தோப்பு ஒன்றே கதி. அங்கிருந்து நாலைந்து முழத் தொலைவில் அடுப்பு எரிகின்றது. பெற்றோலோ பூச்சியத்திற்குக் கீழ் 40 பாகை அளவில் குளிர்ந்திருந்தாலும் தீப்பற்றத்தக்க ஆவியை வெளியிடும் பொருள். அந்த ஆவி காற்றினும் மூன்று நான்கு மடங்கு பாரமானது. ஆதலின் அது மேலெழுந்து கலைந்து போகாமல், தரையோடு தரையாக ஊர்ந்து அடுப்பைத் தேடிச் செல்லும். காற்றிலே நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே போதும், ஒரு பொறிக்கு அது காத்திருக்கும்.

அச்சம் ஒருபுறமிருக்க, இழப்பும் சிறிதன்று. அவ்வாண்டு எரிபொருட் பஞ்சத்தில் நாம் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்கமாட்டார். யூன் மாத இறுதியில் 470 ரூபாவைத் தொட்ட ஒரு லீற்றர் பெற்றோல், ஓகஸ்டிலே 450 ரூபாவில் நின்றது. கியூஆர் முறையின்கீழ் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்திற்கு 4 லீற்றர்தான். நான் மூன்று விநாடிக்கொரு துளி விழுவதை மணிக்கூட்டை வைத்து எண்ணினேன். மருந்தேற்றும் ஊசிக்குழலால் அளந்து பார்த்ததில் ஒரு மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ ஐம்பது துளிகள் இருந்தன. கணக்கு எளிது. பன்னிரண்டு மணி நேர இரவொன்றில் 14,400 துளிகள், அதாவது 288 மில்லிலீற்றர். ஏழு இரவுகளிலே 2 லீற்றருக்குச் சற்று மேல். வரிசையில் நின்று பெற்ற பங்கிலே சரிபாதி தரைக்குப் போயிற்று. ஓர் இரவின் இழப்பு 130 ரூபா. தோட்டத் தொழிலாளியின் அந்நாளைய நாட்கூலி 1,000 ரூபா என்பதை இதனோடு ஒப்பிட்டுக் கொள்ளலாம்.

துளி விழுந்தது தாங்கியின் அடியிலுள்ள பெற்றோல் திறப்பின் கைப்பிடியிலிருந்து. நம் தோட்டங்களிலே தண்ணீர் விழும் வாயைப் பீலி என்போம். இதனையும் கதவு வைத்த ஒரு சிறு பீலி எனலாம். கைப்பிடியிலிருந்து சொட்டுகின்றது, ஆகவே கைப்பிடிக்குள் இருக்கும் இறப்பர் கெட்டுவிட்டது என்று நான் தீர்மானித்தேன். பக்கத்து நகரத்துக் கராஜொன்றிலும் அவ்வாறே தீர்மானித்தனர். இறப்பர் மாற்றினர், பணம் பெற்றனர், அன்றிரவும் அது சொட்டியது. "இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள்" என்று ஒருவர் யோசனை சொன்னார். அந்தத் திறப்பின் உடல் மென்மையான கலப்புலோகம். அளவுக்கு மீறி இறுக்கினால் முகம் வளைந்து, இல்லாத ஒழுக்கும் உண்டாகும். இன்னொருவர் சவர்க்காரக் கட்டியைத் தேய்க்கச் சொன்னார். இது முற்றிலும் பேதைமையன்று. சவர்க்காரம் பெற்றோலில் கரையாது. ஊசித்துளையை ஓரிரு நாள் அடைத்து வைக்கும். ஆனால் நீரில் கரையும். மடுல்கெல்லையின் மழையில் அது எத்தனை நாழிகை நிற்கும்?

கடைசியில், வேலையை விட்டு ஓய்ந்திருந்த முதியவர் ஒருவரிடம் வண்டியைத் தள்ளிச் சென்றேன். அவர் கருவி எதனையும் எடுக்கவில்லை. குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சேர், ஒழுகுற எடத்தப் பாக்காதீங்க. நனையத் தொடங்குற எடத்தப் பாருங்க."

வகுப்பறையில் திரவங்கள் பள்ளம் நோக்கிப் பாயும் என்று ஆண்டுதோறும் படிப்பிக்கிற எனக்கு இது தோன்றாமற் போயிற்றே! துளி, தான் பிறந்த இடத்தில் விழுவதில்லை. உலோகத்தின் மேனி வழியே வழிந்து, தாழ்ந்த முனை எங்குண்டோ அங்கே திரண்டு விழுகின்றது. கைப்பிடியே திறப்பின் தாழ்ந்த முனை.

திறப்பின் அமைப்பைச் சற்றுப் பார்ப்போம். தாங்கிக்கும் திறப்புக்கும் நடுவே ஓர் இறப்பர் வளையம் உண்டு. இரண்டு திருகாணிகள் அதனை அழுத்திப் பிடிக்கும். தாங்கிக்குள்ளே ஒரு சிறு குழல் நிமிர்ந்து நிற்கும். அதன் வாய்க்குக் கீழே மட்டம் இறங்கினால் வண்டி நிற்கும். அப்போது கைப்பிடியைத் திருப்ப, அடித்துவாரத்தால் சேமிப்புப் பெற்றோல் வரும். கைப்பிடிக்குப் பின்னால் துளைகளுடைய இறப்பர் வட்டு ஒன்று, நெளிந்த வில்தகட்டின் அழுத்தத்தால் ஒட்டி நிற்கிறது. இவற்றுள் எதுவும் கெடலாம். கெடுதல் திறப்பிலேயே இல்லாமலும் இருக்கலாம். 1893 இல் ஜேர்மனியரான மேபாக் அமைத்த தெளிப்புக் காபுரேற்றரின் வழிவந்தவற்றில், மிதவையும் ஊசியும் பெற்றோல் மட்டத்தைக் காக்கின்றன. அந்த ஊசி சரியாக அமராவிட்டால் பெற்றோல் மிகுவழிக் குழாயால் வெளியேறும். சில வேளை இயந்திரத்துள் இறங்கி எண்ணெயையும் நீர்த்துப்போகச் செய்யும். எண்ணெய் மட்டம் தானே உயர்ந்து பெற்றோல் மணத்தால் அதுவே குற்றவாளி என அறியலாம்.

முதியவர் திறப்பை மூடச் செய்தார், சொட்டு நிற்கவில்லை. திறப்பு சரியாக மூடுமாயின் காபுரேற்றரின் மேல் பழியில்லை. அடுத்து இறப்பர்க் குழாயைக் கழற்றித் திறப்பின் வாயைத் துடைத்தார். வாய் உலர்ந்தே இருந்தது. ஆகவே உள்வட்டும் நன்றாகவே மூடுகின்றது. பின்னர் என் சட்டைப்பையைக் காட்டிச் சிரித்தார். அதில் வெண்கட்டி இருந்தது. ஆசிரியனுக்கு அது ஒன்றே குறையாத செல்வம்! உலர்ந்த திறப்பின் மேலெல்லாம் வெண்கட்டித் தூளைத் தூவிக் காத்திருந்தோம். இரண்டு நிமிடத்தில் வெண்மையின் நடுவே கரிய கோடொன்று தோன்றியது. தோன்றிய இடம் கைப்பிடியன்று. மேலே, தாங்கியோடு சேரும் வளையத்தின் பின்புறம். அங்கிருந்து அது மெல்ல இறங்கிக் கைப்பிடியை அடைந்தது.

காரணத்தையும் அவரே விளக்கினார். பஞ்சத்தின்போது வண்டி ஏழு வாரம் வெறுந்தாங்கியுடன் கிடந்தது. பல்லாண்டு பெற்றோலில் ஊறிப் பருத்திருந்த வளையம் வற்றிச் சுருங்கி விறைத்தது. மறுபடி நிரப்பியபோது அதற்குப் பழைய நெகிழ்ச்சி மீளவில்லை. 2020 முதல் 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி தடைபட்டிருந்த நாட்டிலே, பழைய வண்டிகளே பலருக்குக் கால்கள். எனவே இது என் வண்டிக்கு மட்டும் நேர்ந்ததாக இருக்க முடியாது.

மறுநாட் பகலில், இயந்திரம் குளிர்ந்திருக்க, லயத்திற்கு வெளியே வெட்டவெளியில் தாங்கியை வடித்தோம். அடியில் துருமணல் ஒரு சிட்டிகை. குறைநிரம்பிய தாங்கியில் மலைப்பனியின் ஈரம் ஒடுங்கிச் செய்த வேலை அது. வலையைக் கழுவினோம். இரு முகங்களையும் துடைத்து, பெற்றோலுக்கென்றே செய்த புதிய வளையத்தை வைத்தோம். பசை பூசலாமா என்று கேட்டேன். சாதாரணப் பசை பெற்றோலில் ஊதிப் பிரிந்து காபுரேற்றரின் நுண்துளைகளை அடைத்துவிடும் என்று தலையசைத்தார். திருகாணிகளை மாறி மாறி, சிறிது சிறிதாக இறுக்கினார்.

அன்றிரவு இஸ்தோப்பில் வண்டிக்கடியில் பழைய பத்திரிகைத் தாளொன்றை விரித்தேன். விடிந்ததும் முதலில் அதனைத்தான் பார்த்தேன். பெற்றோல் வாடை இல்லை. ஆனால் தாளின் ஓரத்தில் காசளவு கரிய எண்ணெய் வட்டம் ஒன்று கிடந்தது. வெண்கட்டியை எடுத்துக்கொண்டு மீண்டும் குனிந்தேன்.