பெயரின் வாலும் பிறப்புச் சான்றிதழும்

ஒருவருக்குப் பெயர் ஒன்றுதான் என்பது பொதுவான அபிப்பிராயமாக இருந்தாலும், நம்மவரில் ஒருவர் தம்முடைய பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழையும் ஆதார் அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் ஒரே மேஜைமேல் பரப்பிப் பார்ப்பாராயின், முன்னெழுத்து முன்னே நிற்கும் பெயர் ஒன்றும், அதே எழுத்துப் பின்னே போய் ஒட்டிக்கொண்ட பெயர் ஒன்றும், தகப்பனார் பெயர் முழுமையாக இறுதியில் தொங்கும் பெயர் ஒன்றுமாக மூன்று நபர்கள் அங்கே காட்சியளிப்பது அபூர்வமன்று. ஊருக்குள் இருக்கும் வரையில் இதனால் பெரிய உபத்திரவம் இல்லை. ஊர்க்காரர்கள் ஆளைப் பார்த்தே அடையாளம் கண்டுகொள்ளுகிறார்கள். கடல் கடக்கும்போதுதான் சங்கடம் ஆரம்பமாகிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மாத்திரம் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவும் வருகை விசாவும் கிடையாது என்று அறிவித்தபோது, குடும்பப் பெயர் என்ற சம்பிரதாயமே இல்லாத நம் ஜனங்கள், பெயருக்குப் பின்னால் எதை ஒட்டுவது, ஒட்டியதைப் பிறப்புச் சான்றிதழோடு எப்படிப் பொருத்துவது என்று திகைத்து நின்றார்கள்.

சென்னை மாகாணத்தில் ஜனன மரணப் பதிவுக்கென 1899-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டு, கிராமங்களில் கிராம முன்சீப் அந்த ஏட்டை வைத்திருந்தார். பரம்பரைக் கிராம உத்தியோகங்கள் 1980-இல் ஒழிக்கப்பட்ட பிறகு அவருடைய ஸ்தானத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். இப்போது தேசம் முழுமைக்கும் செல்லுபடியாவது 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். அந்தச் சட்டத்தின்கீழ் ஆஸ்பத்திரியிலோ வீட்டிலோ நிரப்பப்படும் பிறப்புத் தகவல் படிவத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நலம். அதற்கு இரண்டு பகுதிகள் உண்டு. பிறந்த தேதி, ஆணா பெண்ணா என்பது, குழந்தையின் பெயர், தாய் தகப்பன் பெயர், பிறந்த இடம், விலாசம் ஆகியவை சட்டத்துக்கான பகுதி. பெற்றோரின் மதம், கல்வி, தொழில் போன்றவை புள்ளிவிவரத்துக்கான பகுதி. பின்னது தனியே பிரிக்கப்பட்டுக் கணக்கெடுப்புக்குப் போய்விட, முன்னது மட்டுமே பதிவேட்டில் நிலைத்து, சான்றிதழாகப் பிரதி எடுக்கப்படுகிறது. இரண்டு பகுதிகளிலும் ஜாதிக்கென்று ஒரு கலம் கிடையாது.

அப்படியிருந்தும் எத்தனையோ சான்றிதழ்களில் ஜாதி இருக்கிறது. கேட்காத கேள்விக்குப் பதில் எப்படி வந்தது என்றால், தகப்பனார் பெயரின் வாலாக வந்தது. ஆறுமுகம் என்று சொன்னால் போதுமான இடத்தில், சொன்னவருடைய பெருமிதத்தினாலோ எழுதியவருடைய பழக்கத்தினாலோ, ஆறுமுகம் பிள்ளை என்று ஏடு ஏறிவிட்டது. 1929-ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு ஜாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து விலக்கவேண்டும் என்று தீர்மானித்ததும், ஈ.வெ.ரா. தம் பெயரோடு வழங்கிவந்த ‘நாயக்கர்’ என்பதை உதறியதும், தமிழ்நாட்டில் பெயரின் உருவத்தையே மாற்றிய சம்பவங்கள். ஆனால் பேச்சில் போன வால் பதிவேட்டில் போகவில்லை. பேரன் பாஸ்போர்ட் கேட்டுப் போகும் நாளில்தான் பாட்டனார் காலத்துப் பட்டம் தலை நீட்டுகிறது.

இனி, திருத்தம் என்பது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். மேற்படிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு இதைப்பற்றிக் கூறுவது மிகச் சுருக்கமானது. ஆயினும் ஆழ்ந்த யோசனையோடு எழுதப்பட்டது. பதிவில் பிழை இருப்பதாகப் பதிவாளருக்குத் திருப்தி ஏற்பட்டால், அவர் மூலப் பதிவை எவ்விதத்திலும் மாற்றாமல், அதன் ஓரத்தில் உரிய குறிப்பை எழுதி, அதன்கீழ்க் கையொப்பமிட்டு, திருத்திய தேதியையும் சேர்க்க வேண்டும். அழிப்பதற்கோ, அடித்து எழுதுவதற்கோ, தாளைக் கிழித்துப் புதுத்தாள் வைப்பதற்கோ அவருக்கு அதிகாரம் இல்லை. பிழையும் இருக்கும், திருத்தமும் பக்கத்தில் இருக்கும், யார், எப்போது செய்தார் என்பதும் இருக்கும். சொத்து விவகாரங்களிலும் வயதுத் தகராறுகளிலும் அந்த ஏடு கோர்ட்டில் சாட்சியாக நிற்பதற்கு இந்த ஓரக்குறிப்பு முறையே முக்கியமான காரணம் என்பது என் எண்ணம்.

விதிகள் பிழையை இரண்டு விதமாகப் பிரித்துக் காண்கின்றன. ‘சுந்தரம்’ என்பது ‘சுந்ரம்’ என்று விழுந்திருந்தால் அது எழுத்துப் பிழை. பதிவாளரே விசாரித்துத் திருத்தலாம். பெயரோடு சேராத ஒன்று சேர்ந்திருப்பது போன்ற பொருளைப் பற்றிய பிழையாயின், பிழை இன்னது, உண்மை இன்னது என்று விவரம் அறிந்த நம்பத்தக்க இருவர் எழுதித் தரும் உறுதிமொழி வேண்டும். இதற்குத் துணையாக ஆஸ்பத்திரிக் குறிப்பு, பெற்றோரின் பள்ளிச் சான்றிதழ், திருமணப் பதிவு ஆகியவற்றைக் காட்டலாம். குழந்தை பிறப்பதற்கு முன்னால் உண்டான ஆதாரத்துக்கே மதிப்பு அதிகம், ஏனெனில் அது இந்த விவகாரத்துக்காகச் சிருஷ்டிக்கப்பட்டதன்று.

ஆனால் விண்ணப்பம் எழுதுமுன் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. பெரும்பாலோர் அதைச் செய்வதில்லை. பிழை பதிவேட்டில் இருக்கிறதா, அல்லது பதிவேட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றும்போது நேர்ந்ததா என்பதை நேரில் கேட்டு அறிய வேண்டும். மூலம் சரியாக இருந்து நகல் மட்டும் தவறியிருந்தால், அது பதிவைத் திருத்தும் விஷயமே அன்று; மூலத்தைப் பார்த்து நகலைச் சரிசெய்தால் தீர்ந்தது. இதை அறியாமல் பிரமாணப் பத்திரமும் வக்கீலுமாக அலைந்து பணத்தைத் தொலைத்தவர்கள் அநேகர்.

மனஸ்தாபம் பெரிதும் விளைவது வேறோர் இடத்தில். பிழையைத் திருத்துவது வேறு, பெயரை மாற்றுவது வேறு என்ற பேதத்தை ஜனங்கள் உணர்வதில்லை. ஆறுமுகம் பிள்ளை என்பவர் அந்தக் காலத்தில் உண்மையாகவே அந்தப் பெயரால் வழங்கி, அப்படியே கையெழுத்தும் போட்டிருந்தால், ஏட்டில் இருப்பது பிழையன்று, அன்றைய உண்மை. மகனுக்கு இன்று அந்த வால் வேண்டாம் என்பது நியாயமான விருப்பமே, நானும் அதை மெச்சுகிறேன். என்றாலும் 15-ஆம் பிரிவு விருப்பத்துக்காக ஏற்பட்டதன்று. தன் பெயரையே மாற்றிக்கொள்ள நினைப்பவர், எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையின் மூலம் அரசிதழில் அறிவிப்புச் செய்துகொண்டு, பழைய பெயரும் புதிய பெயரும் ஒருவரையே குறிக்கும் என்பதற்கு அதையே அத்தாட்சியாகக் காட்டலாம். பிறப்புப் பதிவு இருந்தபடியே இருக்கும். முன்னெழுத்தின் விரிவைக் குழந்தையின் பெயருக்குப் பின்னால் புதிதாகச் சேர்க்கக் கேட்கும் விண்ணப்பங்கள் தடைப்படுவதும் இதே காரணத்தால்தான்.

நியாயமான திருத்தத்தையும் பயத்தினால் மறுக்கும் உத்தியோகஸ்தர்கள் இல்லாமலில்லை. அதற்கு முன்பெல்லாம் ஹைகோர்ட்டை நாடவேண்டியிருந்தது. 2023-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், பதிவாளரின் உத்தரவில் குறைபட்டவர் 30 நாட்களுக்குள் மாவட்டப் பதிவாளரிடமும், அவருடைய உத்தரவின்மேல் தலைமைப் பதிவாளரிடமும் முறையிடலாம் என்றும், மேல்முறையீட்டை 90 நாட்களுக்குள் தீர்க்கவேண்டும் என்றும் வழி வகுத்திருக்கிறது. மறுப்பை வாய்ச்சொல்லாக வாங்கிக்கொண்டு திரும்பாமல் எழுத்தில் கேட்டு வாங்குவது அவசியம். அது கையில் இருந்தால் மேல்முறையீடு சுலபம்.

அந்தத் திருத்தத்தினாலேயே, 2023 அக்டோபர் 1-ஆம் தேதி முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், திருமணப் பதிவு, அரசு உத்தியோகம் ஆகியவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரமாக வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இப்போது குழந்தை பெற்றவர்கள் ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படுமுன் தகவல் படிவத்தை வாங்கி, தகப்பனார் பெயர், தாயார் பெயர் இரண்டையும் அவரவருடைய பள்ளிச் சான்றிதழோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பிறகே கையெழுத்திடவேண்டும். குழந்தையின் பெயரை அன்றே எழுதவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள், வால் வேண்டுமா வேண்டாமா என்பதை வீட்டில் ஆற அமரத் தீர்மானித்துக்கொண்டு, கட்டணம் ஏதுமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம்.