எட்டே நாளில் 14 உயிர்கள்... ‘யார் மேல தப்பு?’ என்று மட்டும் கேட்டால் போதுமா?

பௌர்ணமி முடிந்த அதிகாலையில் வேங்கிக்காலில் நின்று பாருங்கள். கிரிவலம் முடித்தவர்களின் கார்களும் வேன்களும் வேலூர் சாலையில் வரிசைகட்டிப் போகும். இரவெல்லாம் 14 கிலோமீட்டர் நடந்த கால்கள்தான் இப்போது பிரேக்கில் இருக்கின்றன. பின்சீட்டில் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

இதே வேங்கிக்காலில்தான் திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் இருக்கிறது. மாவட்டத்தில் நடக்கும் விபத்துகளுக்குத் தீர்வு தேட வேண்டிய இடம் அது.

2023 அக்டோபரை இந்த மாவட்டம் மறக்காது. 15-ம் தேதி, செங்கம் அருகே பக்கிரிபாளையத்தில் காரும் லாரியும் மோதி ஏழு பேர் பலி. 23-ம் தேதி, ஆயுதபூஜை இரவு. வண்டிகளுக்கெல்லாம் பொட்டு வைத்து, எலுமிச்சை நசுக்கிய நாள். அதே நெடுஞ்சாலையில் அந்தனூர் அருகே அரசுப் பேருந்தும் காரும் மோதி மீண்டும் ஏழு பேர் பலி.

இப்படி ஒரு விபத்து நடந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி, ‘யார் மேல தப்பு?’ வழக்குக்கும் இழப்பீட்டுக்கும் அந்தக் கேள்வி தேவைதான். ஆனால், ஓட்டுநரைக் கைது செய்தாலும் சாலை அப்படியேதான் இருக்கும். அடுத்த வாரம் இன்னொரு ஓட்டுநர் அதே இடத்துக்கு வருவார்.

ஐந்து முறை ‘ஏன்?’

இங்குதான் ‘ரூட் காஸ் அனாலிசிஸ்’ எனும் மூலகாரண ஆய்வு வருகிறது. இதில் எளிமையான முறை, ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் பிரபலமாக்கிய ‘ஐந்து ஏன்’. ஒரு கற்பனை விபத்தை எடுத்துக்கொள்வோம்.

ஏன் மோதியது? கார் எதிர்த்தடத்துக்குப் போய்விட்டது.
ஏன் போனது? ஓட்டுநர் கண் அசந்துவிட்டார்.
ஏன் அசந்தார்? இரவு முழுக்கத் தூங்கவில்லை.
தூங்காமல் ஏன் கிளம்பினார்? படுக்க இடமில்லை, காலையில் வேலைக்குப் போக வேண்டும்.
ஒரு நொடி அசந்ததற்கு ஏன் உயிரே போனது? நடுவில் தடுப்பு இல்லை, சீட் பெல்ட்டும் போடவில்லை.

இரண்டாவது பதிலோடு நிறுத்தினால் ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்று முடிந்துவிடும். கடைசிவரை போனால், மாற்றக்கூடிய விஷயங்கள் மூன்று நான்கு கிடைக்கும்: வாகன நிறுத்தத்தில் ஓய்விடம், சாலை நடுவில் தடுப்பு, பின்சீட்டிலும் பெல்ட். ‘மனிதர்கள் தவறு செய்வார்கள், அதற்கு உயிர் விலையாகக் கூடாது’ என்பதுதான் 1997-ல் ஸ்வீடன் நாடாளுமன்றம் ஏற்ற ‘விஷன் ஜீரோ’ கொள்கையின் அடிப்படை.

நம் ஊரில் எப்படி?

சென்னை ஐஐடி உருவாக்கிய ‘ஐராட்’ விபத்துத் தரவுத்தளம் 2021-ல் முதலில் ஆறு மாநிலங்களில் தொடங்கியது. அவற்றில் தமிழ்நாடும் ஒன்று. விபத்து நடந்த இடத்திலிருந்தே போலீஸார் செல்போன் செயலியில் விவரங்களைப் பதிவு செய்கிறார்கள். போக்குவரத்து, நெடுஞ்சாலை, சுகாதாரத் துறைகளும் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன.

தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் தூரத்துக்குள், மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ படுகாயமோ ஏற்பட்ட ஐந்து விபத்துகள் நடந்தால், அல்லது பத்துப் பேர் இறந்தால், அது ‘பிளாக் ஸ்பாட்’. சாலை வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ விதிகளை மீறியதால் உயிர் போனாலோ உடல் ஊனமானாலோ, பொறுப்பான ஒப்பந்ததாரருக்கும் அதிகாரிக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் (198ஏ பிரிவு) வழி செய்கிறது.

காரணத்தைக் கண்டுபிடித்து ஒரு பலகை நட்டதோடு வேலை முடிந்துவிடாது. ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் விபத்து குறைந்ததா என்று திரும்பிப் பார்த்தால்தான் ஆய்வு முழுமையாகும். பெரும்பாலும் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

நாம் என்ன செய்யலாம்?

கிரிவலம் வருகிறீர்களா? வண்டி ஓட்டுபவரும் இரவெல்லாம் நடந்திருந்தால், அவர் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு கிளம்புங்கள். உங்கள் தெரு முனையில் ‘நூலிழையில் தப்பிச்சோம்’ என்று அடிக்கடி சொல்கிறார்களா? அதுவும் ஓர் எச்சரிக்கைதான். இடம், நேரம், எத்தனை முறை என்று குறித்துவையுங்கள். போட்டோவும் எடுங்கள்.

திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதை மனுவாகக் கொடுங்கள். ‘நடவடிக்கை எடுங்கள்’ என்று மட்டும் எழுதாமல், ‘இங்கே ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது?’ என்ற கேள்வியையும் சேர்த்து எழுதுங்கள். உயிர் போன பிறகு கேட்கும் கேள்வியை, போவதற்கு முன்பே கேட்டுவிடலாமே!