ஊர்ப் பெயர்களில் ஒளிந்த ஓடை

லண்டனில் நார்தர்ன் லைன் ரயிலில் ‘டூட்டிங் பெக்’ என்று நிலையத்தின் பெயரை அறிவிக்கும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொள்வேன். தோசைக் கடைகளும் தமிழ்ப் பேச்சுமாக டூட்டிங் நமக்குப் பழகிய இடம். அந்த ‘பெக்’ மட்டும் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்தது.

அங்கே ரீல் ஆற்றில் கலக்கும் சிற்றோடையின் பெயர் பெக். எர்லுவேன் என்ற போர்வீரர் 1034-இல் தொடங்கிய துறவியர் மடம், சில ஆண்டுகளில் அந்த ஓடைக்கரைக்கு இடம்பெயர்ந்து அதன் பெயரையே சூடிக்கொண்டது. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, டூட்டிங்கில் ஒரு பகுதி அந்த மடத்தின் சொத்தானது. ஓடையின் பெயர் கடல் தாண்டியது இப்படித்தான்.

பிரெஞ்சில் ‘பெக்’ என்றால் பறவையின் அலகு. அதற்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நார்மண்டியில் குடியேறிய வைக்கிங்குகள் ஓடையை ‘பெக்கர்’ என்றார்கள்; அதுதான் தேய்ந்து ‘பெக்’ ஆயிற்று. போல்பெக், ஓர்பெக் என்று ஊர்ப் பெயர்களின் வாலில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது சேன் நதிக்கரையிலுள்ள கோடெபெக்: ‘குளிர்ந்த ஓடை’ என்று பொருள். வட இங்கிலாந்தின் கம்பிரியாவில் கால்ட்பெக் என்றொரு கிராமம் இருக்கிறது. அதுவும் அதே குளிர்ந்த ஓடைதான்! அந்தப் பக்கத்து மக்கள் இன்றும் ஓடையை ‘பெக்’ என்றே சொல்கிறார்கள். ஜெர்மனியின் ‘பாஹ்’, டென்மார்க்கின் ‘பெக்’, நெதர்லாந்தின் ‘பேக்’ எல்லாம் இதன் பங்காளிகள்.