குளோசபின் எடுப்பவருக்குத் தொண்டை நோவென்றால்

வீட்டில் யாராவது "தொண்டை நோகுது" என்றால் நம்ம அம்மாக்கள் செய்வது தெரிந்ததுதான்: மல்லித் தண்ணி, இரண்டு பனடோல், ஒரு போர்வை. பெரும்பாலும் அது போதும். குளோசபின் குளிசை எடுக்கிற ஒருவர் வீட்டில் இருந்தால் மட்டும் அது போதாது.

ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோய்க்கு வேறு இரண்டு மருந்தாவது கொடுத்துப் பார்த்து, பலன் இல்லாதபோது கொடுப்பது குளோசபின். எலும்பு மச்சைக்குள் உருவாகும் நியூட்ரோபில் எனும் வெள்ளை அணுக்கள்தான் கிருமிகளை முதலில் எதிர்ப்பவை. இந்த மருந்து சிலருக்கு அவற்றைக் குறைத்துவிடும். மைக்ரோலீட்டர் இரத்தத்தில் 500க்குக் கீழே போனால், சாதாரணத் தொற்றுகூட உயிருக்கு ஆபத்து. இது வருவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆபத்து கூடியது முதல் 18 வாரங்களில்.

1975இல் பின்லாந்தில் இப்படி 8 பேர் இறந்தபிறகு பல நாடுகளில் மருந்தை நிறுத்தினார்கள். ஆனால் 1988இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், வேறெந்த மருந்துக்கும் அசையாத நோயாளிகளில் 30 சதவீதம் பேர் குளோசபினில் தேறினார்கள். ஒப்பிட்ட பழைய மருந்தில் தேறியது 4 சதவீதம். அதனால்தான் ஒழுங்கான பிளட் டெஸ்ட் என்ற நிபந்தனையோடு அமெரிக்கா 1989இல் அதை அனுமதித்தது. மென்பொருள் வேலை செய்யும் எனக்கு இது நன்றாகவே புரிகிறது. ஆபத்துள்ள சிஸ்டத்தை மூடிவிடாமல், அலாரம் பூட்டி ஓடவிடுகிறார்கள்.

பிரித்தானியாவில் நெடுங்காலமாக இருந்த முறை இது: முதல் 18 வாரம் வாராவாரம், ஒரு வருடம் முடியும்வரை இரண்டு வாரத்துக்கொருமுறை, பிறகு மாதாமாதம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று முடிவு வரும். சிவப்பென்றால் மருந்து நிற்கும். 2025இல் அமெரிக்கா கட்டாயப் பதிவுத் திட்டத்தை எடுத்துவிட்டது. எந்த நாட்டில் இருந்தாலும் உங்கள் கிளினிக் சொல்கிற அட்டவணைதான் உங்களுக்கு.

என் மனைவியின் தம்பி ஆறு வருசமாக இதை எடுக்கிறார். நேர்சரியில் இருந்து எங்கட பிள்ளை கொண்டுவரும் எல்லாத் தடிமனும் அவருக்கும் போகும். ஒருமுறை காய்ச்சல் வந்தபோது மாமி, "விடுங்கோ தம்பி, நாளைக்குப் பார்ப்பம், பனடோல் குடுத்திட்டன்" என்றார். பனடோல் காய்ச்சலை மறைக்கும், அணுக்களைக் கூட்டாது. அன்றைக்கே இரத்தம் எடுத்தோம். எண்ணிக்கை சரியாக இருந்தது. மாமிக்குக் கொஞ்சம் கோபம்தான், பரவாயில்லை.

காய்ச்சல், தொண்டை நோ, வாய்ப்புண் என்றால் அன்றே கிளினிக்குக்கு அழையுங்கள். அது பூட்டியிருந்தால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். போனதும் முதல் வசனமே "இவர் குளோசபின் எடுக்கிறார்" என்பதாக இருக்கட்டும். வெட்கப்பட்டு நோயின் பெயரை மறைக்கிற நம்ம பழக்கம் இங்கேதான் உயிரோடு விளையாடும். அங்குள்ளவர்கள் வெறும் வைரஸ் என்று நினைத்து வீட்டுக்கு அனுப்பலாம். இன்னொன்று, கடும் தொற்று வந்தால் உடலில் குளோசபின் அளவு ஏறக்கூடும். திடீரென்று சிகரெட்டை விட்டாலும் அப்படித்தான். வழமைக்கு மாறான தூக்கமும் தள்ளாட்டமும் கண்டால் அதையும் சொல்லுங்கள்.

நீண்ட காலம் எடுப்பவர்கள் சிலருக்கு இரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்கள் குறைந்திருப்பதையும் ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அடிக்கடி நெஞ்சுச் சளி, நியுமோனியா வந்தால் இம்யூனோகுளோபுலின் பார்க்கலாமா என்று கேளுங்கள். காய்ச்சல் தடுப்பூசி நாளையும் தவறவிட வேண்டாம்.

பயந்துபோய் நீங்களாகவே குளிசையை நிறுத்தாதீர்கள். திடீர் நிறுத்தத்தில் நோய் வேகமாகத் திரும்பும். 48 மணித்தியாலத்துக்கு மேல் தவறினால் பழைய டோஸைத் தொடவே கூடாது. மருத்துவர் 12.5 மில்லிகிராமில் இருந்து மறுபடி ஏற்றுவார்.

ஊருக்குப் போகிற குடும்பங்கள் இதில்தான் மாட்டுப்படுகின்றன. டிக்கெட் போட முன்னமே கிளினிக்கிடம் திகதியைச் சொல்லுங்கள், ஏனென்றால் பிளட் டெஸ்ட் முடிவைப் பார்த்துத்தான் மருந்து தருவார்கள். குளிசை கைப்பையில் வரட்டும், பெரிய பெட்டியில் வேண்டாம். கடைசி முடிவின் பிரதியும் மருத்துவரின் கடிதமும் அதோடேயே இருக்கட்டும்.