சாரைக் குட்டியின் முதல் சட்டை

வைக்கோல் படப்பின் அடியை உருவும்போதோ, எருக்குழியைக் கிளறி வண்டியில் ஏற்றும்போதோ, கோழி முட்டையைவிட ஒடுங்கலாக, வெள்ளையாக, தொட்டால் தோல்போல் அமுங்கும் முட்டைகள் பத்துப் பன்னிரண்டு கிடப்பதை விவசாயிகள் பலர் பார்த்திருப்பார்கள். சில நாட்கள் கழித்து அதே இடத்தில் முக்கால் முழம், ஒரு முழம் நீளத்தில் குட்டிகள் நெளிவதும் உண்டு. இராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் இப்படிக் காணப்படுபவற்றில் சாரைக் குட்டிகளும் இருக்கும்.

கண்டவுடன் மண்வெட்டியை எடுப்பது பெரியவர்கள் வழக்கம். பிள்ளைகளுக்கு வேறொரு ஆசை. சாரைக்கு விஷமில்லை என்று கேள்விப்பட்டு, குட்டியைப் பிடித்துப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வளர்க்கப் பார்க்கிறார்கள். சில நாட்களில் குட்டியின் கண் வெளுத்துவிடுகிறது. நிறம் மங்கி, ஒன்றும் தின்னாமல் சுருண்டு கிடக்கிறது. சீக்கு வந்துவிட்டது என்று நினைத்து வெயிலில் வைக்கிறார்கள். தோல் நகர்ந்தால் கையால் உரித்தும் விடுகிறார்கள். குட்டி செத்துப்போகிறது. உண்மையில் அதற்கு வந்தது சீக்கு அல்ல. பிறந்தபின் முதன்முறையாகச் சட்டை உரிக்கத் தயாராகிறது, அவ்வளவுதான்.

வயலுக்கு உதவும் ஓர் உயிர் இந்தப் பருவத்தைத் தாண்டுவதற்கு நாம் செய்யக்கூடியது கொஞ்சம், செய்யக்கூடாதது அதிகம்.

சட்டை உரிப்பது ஏன்?

பாம்பின் மேல்தோல் நகம்போன்ற பொருளால் ஆனது. உடம்பு பெருக்கும்போது அது கூடவே பெருக்காது. ஆகவே அடியில் புதுத்தோல் உண்டானபின் பழையதை முழுச் சட்டையாகக் கழற்றிவிடுகிறது. குட்டி வேகமாக வளர்வதால் அடிக்கடி உரிக்கும். வளர்ந்த பாம்பு ஆண்டுக்குச் சில முறையே உரிக்கும்.

முட்டையைக் கிழித்து வெளிவரும் சாரைக் குட்டியின் வயிற்றுக்குள் மஞ்சள் கருவின் மிச்சம் இருக்கும். ஆகவே முதல் வாரம் பத்து நாட்களுக்கு அதற்கு இரை தேவைப்படுவதில்லை. அந்த நாட்களில்தான் முதல் சட்டையை உரிக்கிறது. அது கழன்ற பிறகே இரை தேடக் கிளம்பும். பட்டினி கிடக்கிறதே என்று இரக்கப்பட்டு வாயைத் திறந்து எதையும் திணிப்பது கொலைக்குச் சமம். பால் வைப்பதும் வீண். பாம்பின் உணவு பால் அல்ல.

உரிக்கும் நாள் நெருங்கும்போது பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவே ஒருவித நீர் சுரக்கும். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணின்மேல் கண்ணாடிபோல் ஒரு செதில் மூடியிருக்கும். அந்தச் செதிலுக்கு அடியிலும் இந்த நீர் சேர்வதால் கண் பால் கலந்த நீலமாகத் தோன்றும். அப்போது அதற்குப் பார்வை மங்கல். எதிரி யார், நண்பன் யார் என்று தெரியாததால் பொந்திலும் படப்பிலும் ஒளிந்துகொள்ளும். கையை நீட்டினால் பயந்து கடிக்கும். சில நாட்களில் கண் மறுபடி தெளியும். அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாட்களில் சட்டை கழலும்.

கழலும் விதம் பார்க்கத்தக்கது. குட்டி மூக்கைக் கல்லிலோ வைக்கோல் தாளிலோ உரசும். உதட்டோரத்தில் தோல் விடும். அது எதிலாவது மாட்டிக்கொள்ள, குட்டி முன்னால் ஊர்ந்துகொண்டே போகும். ஈரமான பனியனைத் தலைவழியே இழுத்துக் கழற்றினால் உள்பக்கம் வெளியே வருகிறதே, அதுபோலத் தோல் தலையிலிருந்து வால்வரை புரண்டுகொண்டே வரும். எல்லாம் சரியாக இருந்தால் சிறிது நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

எல்லாம் சரியாக இருப்பதற்கு முக்கியமாக வேண்டியது ஈரப்பதம். காற்று வறண்டால், குட்டிக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காவிட்டால், தோல் துண்டுதுண்டாகக் கிழிந்து அங்கங்கே ஒட்டிக்கொள்ளும். வால் நுனியில் வளையமாக நின்றுவிட்டால் அது காய்ந்து இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும், நுனி அழுகிவிடும். கண் செதில் கழலாமல் நின்றால் பார்வை கெடும். வெயிலில் வைத்த டப்பாவில் நடப்பது இதுதான். நமது மாவட்டக் கோடை இருக்கிற வறட்சியில் படப்பின் அடி, எருக்குழியின் ஓரம், வரப்புப் பொந்து ஆகிய மூன்றிலும்தான் குட்டிக்கு வேண்டிய குளுமை இருக்கிறது. அது தானாகத் தேடிக்கொண்ட இடத்தைவிட நல்ல இடம் நம்மால் அமைத்துத்தர இயலாது.

பண்ணையில் செய்வது என்ன?

சென்னை கிண்டியில், பொதுமக்கள் ‘பாம்புப் பண்ணை’ என்று சொல்லும் பூங்கா 1972-ல் ரோமுலஸ் விட்டேக்கர் முயற்சியால் ஏற்பட்டது. இத்தகைய இடங்களில் வளர்ப்புப் பாம்புகளுக்குச் சட்டை உரிக்கும் காலத்தில் தனி மருந்து எதுவும் இல்லை. குடிக்கவும் நனையவும் ஒரு தண்ணீர்ச் சட்டி, ஒளிந்துகொள்ள ஈரமான ஓர் இடம், உரசிக்கொள்ளச் சொரசொரப்பான கல் அல்லது கட்டை, இவை போதும். கண் வெளுத்த நாளிலிருந்து சட்டை கழலும்வரை கையால் தொடுவதையும் இரை வைப்பதையும் தவிர்ப்பது நல்ல பராமரிப்பு. தோல் ஒட்டிக்கொண்டால்கூட இழுத்து உரிப்பதில்லை. ஈரத் துணிக்கு நடுவே ஊர்ந்துபோக விட்டால் தானாகக் கழன்றுவிடும்.

பண்ணையில் செய்வதை நாமும் வீட்டில் செய்தால் என்ன என்று பிள்ளைகள் கேட்கலாம். சாரை 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்பட்ட பிராணி. அனுமதியின்றிப் பிடிப்பதும், வைத்திருப்பதும், கொல்வதும் தண்டனைக்குரிய குற்றங்கள். குட்டிதானே என்ற சலுகை சட்டத்தில் கிடையாது.

சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. குட்டியைப் பார்த்து இனம் சொல்வது எளிதல்ல. சாரைக்குப் பெரிய, வட்டமான கண், உதட்டுச் செதில்களுக்கு நடுவே கறுப்புக் கோடுகள், ஒல்லியான உடம்பு. ஆனால் நல்லபாம்பும் முட்டையிடும் இனமே. முட்டையை வைத்து இது சாரை, இது நாகம் என்று நிச்சயித்துவிட முடியாது. நல்லபாம்பின் குட்டி பிறந்த அன்றே படமெடுக்கும். அன்றே விஷமும் உண்டு. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் முட்டையிடாமல் குட்டி போடுபவை. சுருட்டை நம் பக்கத்துக் காய்ந்த மணற்பாங்கான இடங்களுக்கு ஏற்ற சிறு பாம்பு. வளர்ந்ததையே பலர் குட்டி என்று எண்ணி ஏமாறுகிறார்கள். ஆகவே சாரை என்று ஊரே சொன்னாலும் கையில் எடுக்கவேண்டாம்.

வயலில் செய்யத்தக்கவை

முட்டைகள் தென்பட்டால், தாய் அருகே இல்லை என்று பார்த்துக்கொண்டு, உருட்டாமல் புரட்டாமல் நீண்ட கழியால் வைக்கோலைத் தள்ளி மூடிவிட்டு விலகிவிடவேண்டும். முட்டையைத் திருப்பிப்போட்டால் உள்ளே கரு கெட்டுவிடக்கூடும். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பொரித்துவிடும். அதுவரை அந்த மூலை வைக்கோலை மட்டும் விட்டுவைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மனிதர் நடமாடும் வீட்டை ஒட்டி இருந்தால் விஷயம் வேறு. வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லி அகற்றிக்கொள்வதே முறை.

கோடையில் வீட்டிலிருந்து தள்ளி, வயலோரப் படப்பின் நிழலில், பழைய மண்சட்டி ஒன்றைக் கழுத்தளவு புதைத்துத் தண்ணீர் ஊற்றி வைக்கலாம். ஓணான், தவளை, பறவை எல்லாமே அதில் குடிக்கும். சாரைக் குட்டியின் முதல் இரை எலி அல்ல. சிறு தவளையும் பல்லியும்தான். எலி பிடிக்கும் வயது பிறகு வருகிறது. வரப்பில் உள்ள புல்லையெல்லாம் கொளுத்திவிட்டால் குட்டிக்கு மறைவும் போகிறது, இரையும் போகிறது.

இனி, நம் கரையோரத்துக்கே உரிய ஓர் ஆபத்து. மிளகாய் நாற்றங்காலுக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் ஆடு, கோழி வராமல் பழைய நைலான் மீன்வலையைச் சுற்றிக் கட்டுகிறோம். செலவு குறைவு, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வலையின் அடிப்பாகம் தரையில் குவிந்து கிடந்தால் சாரைக்கு அதுவே தூக்குக்கயிறு. கண் மங்கிய பாம்பு கண்ணிக்குள் நுழைகிறது. செதில்கள் பின்பக்கம் சாய்ந்திருப்பதால் பின்வாங்க முடிவதில்லை. வெயிலேறக் காய்ந்து சாகிறது. வலையின் அடியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி, அந்த இடைவெளியில் பனைமட்டையோ முள்ளோ வைத்து அடைத்தால் கோழியும் நுழையாது, பாம்பும் சிக்காது. குவிந்த வலையைத் தரையில் போட்டுவைக்காமல் சுருட்டிக் கட்டி உயரே வைக்கவேண்டும். சிக்கிய பாம்பைக் கண்டால் தானே அறுத்துவிடத் துணியாமல், ஓலையால் நிழல் செய்து, தூர நின்று தண்ணீர் தெளித்துவிட்டுப் பழக்கமுள்ளவர்களைக் கூப்பிடவேண்டும்.

எலிவிஷம் வைப்பவர்கள் ஒன்று கவனிக்கவேண்டும். விஷம் தின்று மயங்கித் திரியும் எலியைச் சாரை சுலபமாகப் பிடித்துவிடும். அதன் உடம்பிலும் விஷம் ஏறும். சாரை நடமாடும் வயலில் கிட்டிப்பொறி வைப்பதும் வளைகளை வெட்டி எலி பிடிப்பதுமே மேல். செத்த எலியை அன்றன்றே புதைத்துவிடவேண்டும்.

சாரை கோழிக்குஞ்சையும் முட்டையையும் தின்னாதா என்று கேட்டால், தின்னும். இதை மறைத்துச் சாரையைப் புகழ்வதில் அர்த்தமில்லை. ராத்திரியில் கோழியை அடைக்கும் கூடு போதாது. சாரை பகலில் இரை தேடுவது. ஆகவே குஞ்சு உள்ள கூட்டுக்கு விரல் நுழையாத கம்பிவலை அடிக்கவேண்டும். ஒரு கூட்டுக்கு வலை அடிக்கும் செலவையும், வரப்பெல்லாம் வளை தோண்டி நெற்கதிரை உள்ளே இழுத்துச் சேமிக்கும் எலிகளால் ஆகும் செலவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சாரை தேவலை என்பதே நமது அபிப்பிராயம். வளைக்குள் தலையை நுழைத்து எலியைத் தேடிப் பிடிக்க அதனால் முடியும், பூனையால் முடியாது.

ஒரு காலத்தில் சாரைத் தோலுக்கு வெளிநாட்டில் கைப்பை, செருப்பு செய்ய ஏகக் கிராக்கி இருந்தது. பாம்புத்தோல் ஏற்றுமதி 1976-ல் தடைசெய்யப்பட்டபின், அந்தத் தொழிலை நம்பியிருந்த இருளர்கள் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-ல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். விஷப்பாம்புகளைப் பிடித்து, சில வாரங்கள் வைத்து, விஷம் எடுத்துக்கொண்டு மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். விடுமுன் வயிற்றுச் செதிலில் அடையாளம் போடுவார்கள். பாம்பு சில சட்டை உரித்தபின் அந்த அடையாளம் மறைந்துவிடும். மறையும்வரை அதே பாம்பை மறுபடி விஷத்துக்காகப் பிடித்து வருத்தாமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடு. உரித்த சட்டையையே காலக்கணக்காக வைத்துக்கொண்டது நல்ல யோசனை.

கிடக்கும் சட்டை சொல்லும் சேதி

படப்பிலோ வீட்டுக் கூரையிலோ பாம்புச் சட்டை கிடந்தால் பதறவேண்டாம். கழியால் எடுத்து வெளிச்சத்தில் பார்க்கலாம். கழலும்போது தோல் இழுபடுவதால் சட்டை பாம்பைவிட நீளமாகவே இருக்கும். நான்கு முழச் சட்டை கிடந்தால் நான்கு முழப் பாம்பு என்று அர்த்தமல்ல. பாம்பு முன்னால் ஊர்ந்து கழற்றிவிட்டுப் போவதால், காற்று புரட்டாதிருந்தால், சட்டையின் வால் நுனி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமே பாம்பு போயிருக்கிறது.

நிறம் போய்விட்டாலும் செதிலின் அமைப்பு நிற்கும். தலையில் அகலமான தட்டுகள்போல் செதில் இருந்தால் சாரை, நல்லபாம்பு, கட்டுவிரியன் இவற்றில் ஒன்றாகவோ வேறு விஷமற்ற பாம்பாகவோ இருக்கலாம். தலையெல்லாம் நொய்யரிசிபோல் பொடிச் செதிலும், உடம்பில் சொரசொரப்பும் இருந்தால் விரியன் என்று சந்தேகிக்கவேண்டும். முதுகின் நடுவரிசைச் செதில்கள் மட்டும் பெரிதாக, ஆறு மூலையுடன், சங்கிலிபோல் ஓடினால் கட்டுவிரியன். அது இரவில் வீட்டுக்குள் வந்து தரையில் படுத்திருப்பவர்களைக் கடிப்பது. அப்படிப்பட்ட சட்டை கிடைத்த வீட்டில் அன்றே கட்டிலில் படுக்கத் தொடங்குவதும், கொசுவலையைப் பாய்க்கடியில் செருகுவதும் அவசியம்.

எந்தப் பாம்பு கடித்தாலும், சாரைக் குட்டி என்று நினைத்தாலும்கூட, இனம் நிச்சயமில்லாதவரை விஷக்கடி என்றே கொள்ளவேண்டும். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது கூடாது. கடிபட்ட கை கால் அசையாமல் கட்டையோடு தளர்வாகக் கட்டி, 108 வண்டியை அழைத்து, அரசு மருத்துவமனைக்குப் போய்விடவேண்டும். பாம்பைத் தேடிப்பிடித்து எடுத்துச்செல்லும் வேலை வேண்டாம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்துதான்.

இராமேஸ்வரம், பாம்பன் பக்கம் விவசாயத்தோடு வலையும் இழுக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. வலையில் வரும் கடல் பாம்பும் சட்டை உரிக்கும். தரைப் பாம்பைவிட அடிக்கடி உரிக்கும். மேலே ஒட்டும் பாசியையும் சிப்பியையும் உதற அதற்கு வேறு வழியில்லை. உரச அங்கே கல் கிடைக்காததால் தன் உடம்பையே முடிச்சுப் போட்டு, முடிச்சுக்குள் தன்னை உருவிக்கொள்ளும் இனமும் உண்டு. மேலே சொன்ன நான்கு பாம்பு மருந்து கடல் பாம்புக்காகச் செய்யப்பட்டதல்ல. தோல் தொங்க மந்தமாகக் கிடக்கிறதே என்று கையால் எடுத்து எறியாமல், கழியால் தூக்கிக் கடலில் விடவேண்டும்.