முதல் ஞாயிறு வந்தவர் மூன்றாம் ஞாயிறும் வர

உங்கள் சபைக்கு ஒரு புதுக் குடும்பம் வருகிறது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஆராதிக்கிறது. ஆசீர்வாதம் கூறி முடித்ததும் எழுந்து போய்விடுகிறது. அடுத்த ஞாயிறு அவர்களைக் காணோம். வந்ததே பலருக்குத் தெரியாததால், வராததும் தெரிவதில்லை.

சபை வளரவில்லையே என்று கமிட்டியில் பேச்சு வந்தால், எழுப்புதல் கூட்டம் வைக்கலாம், நோட்டீஸ் அடிக்கலாம், புது ஸ்பீக்கர் வாங்கலாம் என்றுதான் யோசனை போகிறது. அதில் தவறில்லை. ஆனால், தானாகவே தேடி வந்தவர்களைத் தக்கவைப்பதில்தான் நாம் அதிகம் கோட்டைவிடுகிறோம் என்பது என் எண்ணம். அதைச் சரிசெய்யப் பணம் வேண்டாம். ஆயர் ஒருவரால் அது ஆகவும் ஆகாது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான் செய்ய வேண்டும். தமிழ்நாட்டுச் சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்ற சபையாருக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

‘எங்கள் சபையே நாற்பது பேர்தான், நாங்கள் என்ன செய்ய?’ என்கிறீர்களா? 1780-இல் பாளையங்கோட்டையில் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் இருந்த பெயர்களும் நாற்பதுதான். அவர்களில் ஒருவர் குளோரிந்தா அம்மையார். அவர் கட்டிய சிறிய ஆலயத்தை இன்றும் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்கிறார்கள். இன்றைய நெல்லைத் திருச்சபையின் தொடக்கம் அங்கேதான். சிறிய சபைக்கு ஒரு வசதியும் உண்டு. புதுமுகம் யார் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும்.

வருகிறவர்கள் யார்? வேலை மாற்றலில் வேறு ஊரிலிருந்து வந்தவர்கள் அதிகம். பல ஆண்டுகள் ஆலயத்துப் பக்கமே வராமல் இருந்து, பிள்ளை பிறந்தபின் திரும்பி வருகிறவர்கள் உண்டு. வீட்டில் நோய், கடன் என்று துயரத்தோடு ஜெபிக்க வரும் பிற மதத்தவர் உண்டு. மூன்று தரப்பாருக்கும் ஒரே விதமான வரவேற்பு சரிப்படாது. ஆகவே முதலில் கேளுங்கள், பிறகு பேசுங்கள்.

‘மாற்றலாகி வந்தவர் பழைய சி.எஸ்.ஐ. ஆள்தானே, அவருக்கு எல்லாம் தெரியாதா?’ தெரியாது. 1947 செப்டம்பர் 27 அன்று பல மரபுச் சபைகள் சேர்ந்துதான் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. நெல்லையில் ஆங்கிலிக்கன் வழி, குமரியில் லண்டன் மிஷன் வழி, மதுரையில் அமெரிக்க மிஷன் வழி. எப்போது எழுவது, எப்போது முழங்காற்படியிடுவது, திருவிருந்தை (அப்பமும் ரசமும் பகிரும் நற்கருணை) எங்கே நின்று வாங்குவது என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். நாகர்கோவில்காரர் பாளையங்கோட்டை முறையில் தடுமாறுவது இயல்பு.

வாசலில் என்ன செய்வது? இரண்டு பேர் நின்றால் போதும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். ‘வாங்க, ஸ்தோத்திரம்’ என்று சொல்லிவிட்டு, செருப்பை எங்கே விடுவது, கழிப்பறை எங்கே, குழந்தை அழுதால் எங்கே தூக்கிக்கொண்டு போகலாம் என்பதைச் சொல்லுங்கள். கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு இந்த மூன்றாவது தகவல்தான் பெரியது. அது தெரியாவிட்டால் ஆராதனை முழுக்க அவள் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டே இருப்பாள்.

எங்கே உட்காரவைப்பது? பரம்பரையாக ஒரே பெஞ்சில் உட்காரும் குடும்பங்கள் எல்லாச் சபையிலும் உண்டு. புதியவர் தெரியாமல் அங்கே உட்கார்ந்துவிட்டால், வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் நின்று பார்ப்பார். ஒரு வார்த்தையும் பேச மாட்டார், ஆனால் அந்தப் பார்வை போதும். அப்படி யாராவது உங்கள் இடத்தில் இருந்தால், அவருக்குப் பின்னால் போய் உட்காருங்கள். பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இருக்கை, அழுக்கு உடைக்காரனுக்குக் காலடி என்று பிரிப்பதை யாக்கோபு தன் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கண்டிக்கிறார். ஆக, இருக்கைப் பிரச்சினை முதல் நூற்றாண்டிலேயே இருந்திருக்கிறது.

ஆராதனை நடக்கும்போது? பாட்டுப் பலகையைப் புதியவரின் கண்ணால் பாருங்கள். ‘பா’ என்று ஓர் எழுத்து, பக்கத்தில் ஓர் எண். அதன் கீழே ‘கீ’, இன்னோர் எண். ‘பா’ என்றால் பாமாலை (மேல்நாட்டு மெட்டில் பாடும் பாட்டுகளின் புத்தகம்), ‘கீ’ என்றால் கீர்த்தனை (நம் ராகங்களில் அமைந்தவை). நமக்கு இது சிறுவயதிலிருந்தே பழக்கம். அவரோ தப்பான புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கையில் பாட்டு மூன்றாவது சரணத்துக்குப் போய்விடும். உங்கள் புத்தகத்தைச் சரியான பக்கத்தில் திறந்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள். ஆயரிடமும் ஒரு வேண்டுகோள் வையுங்கள்: முறைமைப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டுத் தொடங்கட்டும்.

முக்காடு போடாமல் வந்த பெண்ணிடம் யார் சொல்வது? யாரும் சொல்ல வேண்டாம். முதல் நாள் வந்தவளை உடைக்காகவோ தலைக்காகவோ திருத்தினால், அவள் திரும்பி வருவாள் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் சபையின் வழக்கம் என்னவென்று இரண்டு வாரத்தில் அவளே பார்த்துக்கொள்வாள்.

புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்லிப் பெயர் கேட்கலாமா? பல சபைகளில் அப்படிச் செய்து வரவேற்புப் பாட்டும் பாடுகிறார்கள். அன்பாகத்தான் செய்கிறார்கள். என்றாலும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தனியாக வந்த பெண்ணும், கூச்சப்படும் இளைஞனும், கணவனுக்குத் தெரியாமல் ஜெபிக்க வந்தவளும் அத்தனை பேர் முன்னால் எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது. பொதுவாக ஒரு வரவேற்பு சொன்னால் போதும்.

இனி, பலரும் பேசத் தயங்கும் ஒன்று. ‘சொந்த ஊர் எது? அங்கே எந்தத் தெரு? அப்பா பேர் என்ன? யார் வீட்டில் பெண் எடுத்திருக்கிறீர்கள்?’ இந்த நான்கு கேள்விகளும் அடுத்தடுத்து வந்தால் கேட்கப்படுவது ஊர் அல்ல, சாதி. கேட்பவருக்கு அது தெரியாமல்கூட இருக்கலாம். பதில் சொல்கிறவருக்கு நன்றாகத் தெரியும். பதில் வந்தபின் உங்கள் முகம் மாறுகிறதா, பேச்சு சுருங்குகிறதா என்று அவர் கவனிப்பார்.

‘அதெல்லாம் பழங்காலம்’ என்று சொல்லிவிடலாமா? ஆலயங்களுக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன் 1833-இல் உத்தரவிட்டபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே விலகினார்கள். நெல்லைப் பக்கம் வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயம் ஒரே பீடத்துக்கு இரண்டு சிறகுகளாகக் கட்டப்பட்டது, இரு சாதியார் தனித்தனியே உட்காரத்தான். பிரித்து வைத்த தடுப்பு 1910-இல்தான் இடிக்கப்பட்டது. சுவரை இடித்துவிட்டார்கள், கேள்விகள் மிஞ்சிவிட்டன. தலித் குடும்பம் ஒன்று உங்கள் சபைக்கு வந்து மூன்றாம் வாரம் காணாமல் போனால், பிரசங்கத்தையோ பாட்டையோ காரணம் காட்டுவதற்கு முன், வாசலில் என்ன கேட்கப்பட்டது என்று விசாரியுங்கள்.

அப்படியானால் என்னதான் கேட்பது? ‘இந்தப் பக்கம் எப்போது குடிவந்தீர்கள்? தண்ணீர் வசதி எப்படி? பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்ததா?’ இவை அவருக்கு உதவக்கூடிய கேள்விகள். பதில் தெரிந்ததும் நீங்கள் செய்யக்கூடியது ஏதாவது இருக்கும்.

ஆராதனை முடிந்ததும் வரும் பத்து நிமிடம் மிக முக்கியம். நாம் எல்லாரும் தெரிந்தவர்களைத் தேடிப் போய் நின்றுகொள்கிறோம். கமிட்டிக்காரர்கள் காணிக்கை எண்ணப் போகிறார்கள், பாடகர் குழு அடுத்த பயிற்சியைப் பேசுகிறது. புதியவர் சுவர் ஓரமாக நடந்து வாசலுக்குப் போய்விடுகிறார். ஒரு சின்ன ஏற்பாடு செய்யுங்கள்: அந்தப் பத்து நிமிடம் அறிமுகமில்லாதவர்களிடம் மட்டுமே பேசுவது என்று ஐந்தாறு பேர் ஒப்புக்கொள்ளட்டும். ஒரு பாத்திரம் சுக்குக் காபி இருந்தால் நின்று பேச ஒரு சாக்குக் கிடைக்கும். பேசியபின் அவரை அவர் வயதுக்காரர் ஒருவரிடம் அறிமுகப்படுத்திவிட்டு நகருங்கள். எருசலேமில் எல்லாரும் சவுலைக் கண்டு பயந்தபோது, பர்னபாதான் கூட்டிக்கொண்டு போய் அப்போஸ்தலரிடம் சேர்த்தார்.

போன் நம்பர் வாங்கலாமா? கேளுங்கள், தந்தால் வாங்குங்கள். வாங்கிய உடனே சபை வாட்ஸாப் குழுவில் சேர்த்துவிடாதீர்கள். முன்பின் தெரியாத இருநூறு பேர் கையில் அவர் எண் போகிறது. பெண்களுக்கு இது தொல்லையாகவே முடியலாம். செவ்வாய், புதன் வாக்கில் ஒருவர் பேசி, ‘வந்ததில் சந்தோஷம்’ என்று மட்டும் சொல்லட்டும். வீட்டுக்குப் போவதானால் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, ஆணும் பெண்ணுமாக இருவர் போய், கால் மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள். சம்பளம், வாடகை பற்றிப் பேச்சு வேண்டாம். சந்தா (சபை உறுப்பினர் மாதந்தோறும் செலுத்தும் தொகை) பற்றி அவரே கேட்கும்வரை வாய் திறக்காதீர்கள்.

பிற மதத்தவர் வந்தால்? அவர் கேட்டதற்காக ஜெபியுங்கள். அதைக் காரணமாக வைத்து வற்புறுத்தாதீர்கள். உதவி தேவைப்பட்டால் செய்யுங்கள், ஆனால் ஆலயத்துக்கு வருவதோடு அதை முடிச்சுப் போடாதீர்கள். அரிசியோ பள்ளிக் கட்டணமோ கொடுத்தால், அவர் அடுத்த வாரம் வராவிட்டாலும் கொடுங்கள். நம் அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையை நமக்குத் தருகிறது, மனசாட்சிச் சுதந்திரத்தை எல்லாருக்கும் தருகிறது. இரண்டையும் மதிக்க வேண்டும். திருவிருந்து ஞாயிறில் அவர் வரிசையில் எழுந்து வரலாமா கூடாதா என்று தவிப்பார். யார் பெறலாம், மற்றவர்கள் என்ன செய்யலாம் என்பதை ஆயர் இரண்டு வரியில் முன்னதாகச் சொல்லிவிட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை.

வடமாநிலத் தொழிலாளர்களை மறந்துவிடுகிறோம். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும், மிசோரம், நாகாலாந்திலிருந்து சென்னை ஓட்டல்களுக்கும் அழகு நிலையங்களுக்கும் வருகிறவர்களில் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். தமிழ்ப் பிரசங்கம் அவர்களுக்குப் புரியாது. ஞாயிறு மாலை ஆலயமோ பக்கத்து அறையோ சும்மாதானே கிடக்கிறது? தங்கள் மொழியில் ஜெபிக்க அதைத் திறந்துகொடுங்கள். மின்விசிறிச் செலவைச் சபை ஏற்கட்டும். கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனையில் அவர்கள் மொழிப் பாட்டு ஒன்றுக்கும் இடம் கொடுங்கள்.

வந்தவர் எப்போது ‘நம் ஆள்’ ஆகிறார்? ஒரு வேலை கையில் வந்தபிறகுதான். அசனத்துக்கு (சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் விருந்து) வெங்காயம் உரிக்க உட்காரும் இடத்தில் கிடைக்கும் நெருக்கம் வரவேற்புரையில் கிடைக்காது. மூன்று மாதத்துக்குள் ஒரு வேலை கொடுங்கள்: வேதபாடம் வாசிப்பது, மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, பந்தி பரிமாறுவது. சபைத் தேர்தல் வருகிறது என்பதற்காக மட்டும் புதியவர்களைத் தேடிப்பிடித்துப் பட்டியலில் சேர்க்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஓட்டுக்காகச் சேர்க்கப்பட்டவர் ஓட்டு முடிந்ததும் போய்விடுவார், சபையைப் பற்றிய கசப்போடு.

வளர வளரக் குறைகளும் வரும். ஆதிச் சபை பெருகியபோது, தங்கள் விதவைகளைப் பந்தியில் கவனிக்கவில்லை என்று கிரேக்க மொழி பேசியோர் முறையிட்டதை அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரம் சொல்கிறது. முறையிட்டவர்களை அடக்கவில்லை, அந்த வேலைக்கென்றே ஏழு பேரை நியமித்தார்கள். உங்கள் சபையிலும் புதியவர் ஒருவர் குறை சொன்னால், நேற்று வந்தவருக்கு என்ன என்று கேட்காமல் குறிப்பெடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டு போடுங்கள். பெயர், வந்த நாள், இரண்டாம் முறை வந்த நாள், பேசியவர் யார் என்று எழுதினால் போதும். மூன்று ஞாயிறு காணவில்லை என்றால், பேசியவரே போன் செய்து நலம் விசாரிக்கட்டும். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம். உடம்பு சரியில்லை என்றால் போய்ப் பாருங்கள். பக்கத்தில் வேறு சபைக்குப் போகிறோம் என்றால் சந்தோஷமாக வாழ்த்துங்கள். உங்களிடம் உறுப்பினராகப் பதிந்தவராக இருந்தால், அவர் கேட்கும் சபை மாற்றுக் கடிதத்தை (வேறு சபையில் சேர ஆயர் தரும் சான்று) அலையவிடாமல் அந்த வாரமே கொடுக்கச் செய்யுங்கள்.